ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தால் எதை எடுப்பது?

'டவுட்', 'சஸ்பெக்ட்' இரண்டையும் நாம் 'சந்தேகப்படு' என்றே படித்து வந்திருக்கிறோம். ஆனால் பின்னால் ஒரு முழு வாக்கியம் வரும்போது பொருள் நேர் எதிராகிவிடும். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் இட்' என்றால் அவர்தான் எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. 'ஐ டவுட் ஹி டுக் இட்' என்றால் அவர் எடுத்திருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. புகார்க் கடிதத்தில் இதை மாற்றி எழுதினால், யார்மேல் புகாரோ அவருக்கே சாதகமாகச் சொன்னதாகிவிடும். எழுதுமுன் மனத்தில் உள்ளதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எடுத்திருப்பார்' என்று முடிந்தால் சஸ்பெக்ட், 'எடுத்திருக்கமாட்டார்' என்று முடிந்தால் டவுட். பாடத்தில் விளக்கம் கேட்கும்போதும் 'ஐ ஹாவ் எ க்வெஸ்டியன்' என்பதே நல்லது. 'டவுட்' என்றால், நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள்.

தமிழில் ஒரே சொல் பார்க்கும் வேலையை ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கும் இடங்களில்தான் இப்படிச் சறுக்குகிறது. அதனால் ஆங்கில ஜோடிகளை மனப்பாடம் செய்வதைவிட, தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அது எங்கே பிரிகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

'வரை' என்பதை எடுத்துக்கொள்வோம். 'வெள்ளிக்கிழமை வரை கொடுக்கலாம்' என்று நினைத்து 'ஐ வில் சப்மிட் இட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுவது பெருவாரியான தவறு. அன்டில் என்றால் அந்த நேரம்வரை செயல் ஓயாமல் நடக்க வேண்டும். ஒரே தடவையில் முடியும் செயலுக்கு 'பை ஃப்ரைடே'. வினையோடு 'கொண்டே இரு' சேர்த்துப் பாருங்கள். 'ஐந்து மணி வரை படித்துக்கொண்டே இருப்பேன்' பொருந்துகிறது, எனவே அன்டில். 'சமர்ப்பித்துக்கொண்டே இருப்பேன்' பொருந்தாது, எனவே பை. எதிர்மறையில் மட்டும் கவனம் வேண்டும். 'ஐந்து மணி வரை கிளம்பமாட்டேன்' என்பதில் கிளம்பாமல் இருப்பதுதான் தொடர்கிறது, ஆகவே அங்கே அன்டில் சரி.

நேரத்தோடு வரும் 'இன்' இன்னொரு பொறி. 'ஐ வில் கம் இன் ஆன் ஹவர்' என்றால் ஒரு மணி நேரம் கழித்து வருவேன். ஒரு மணி நேரத்துக்குள் என்று உறுதி சொல்ல 'விதின்' வேண்டும்.

'பார்' மூன்றாகப் பிரியும். தானாகக் கண்ணில் படுவது சீ, கண்ணைத் திருப்பிப் பார்ப்பது லுக், அசைவதையோ மாறுவதையோ தொடர்ந்து கவனிப்பது வாட்ச். 'கேள்' என்பதும் அப்படித்தான்: காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன், வினவினால் ஆஸ்க். லுக்குக்குப் பின் 'அட்', லிசனுக்குப் பின் 'டு' வரும். ஆஸ்க்குக்குப் பின் ஆளை நேராகச் சொல்லிவிடலாம். 'ஆஸ்க் டு ஹிம்' தவறு.

கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லென்ட். 'கேன் யூ பாரோ மீ எ பென்' என்பது திசை மாறிய வாக்கியம். 'லென்ட் மீ' என்றிருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒரு தமிழ் வினையைத் தலைப்பாக எழுதி, கீழே பிரியும் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். தனிச் சொல்லாகக் குறித்தால் 'அட்', 'டு', 'ஃப்ரம்' விடுபட்டுப் போகும். பேசும்போது தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். 'படி' என்ற சொல்லில் தொடங்கலாம்: ரீட், ஸ்டடி, லேர்ன்.