உலக இலக்கியத்தின் வழியே அறம் பேசுவது: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டால்ஸ்டாய் 1886இல் எழுதிய 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை?' கதையை நடத்தி முடித்ததும் கரும்பலகையில் பெரும்பாலும் ஒரே வரிதான் ஏறுகிறது: பேராசை பெருநஷ்டம். மாணவர்களும் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் அதையே எழுதினால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பழமொழி கதையைப் படிப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். படித்த பிறகும் கையில் மிஞ்சுவது அதுதான் என்றால், கதை எதற்கு?

உயர்நிலை வகுப்புகளில், அதாவது பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களிடம், உலக இலக்கியத்தைக் கொண்டு அறம் பேசும்போது நேரும் தவறுகளில் பலவும் இந்தப் பழக்கத்திலிருந்தே கிளைக்கின்றன. நீதியை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு அதற்குப் பொருந்தும் கதையைத் தேடுகிறோம். அந்த நீதிக்கு அடங்காத பகுதிகளை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பெரிய எழுத்தாளர்கள் தங்கள் உழைப்பையெல்லாம் கொட்டியிருப்பது பெரும்பாலும் அப்படித் தாண்டப்படும் பகுதிகளில்தான்.

முடிவிலிருந்து தொடங்குவது

டால்ஸ்டாயின் பாஹோம் பேராசைக்காரனாகக் கதைக்குள் நுழைவதில்லை. பக்கத்துப் பண்ணையின் மேற்பார்வையாளன், பாஹோமின் மாடு குதிரைகள் எல்லை தாண்டியபோதெல்லாம் அபராதம் போட்டு அவனை நோகடிக்கிறான். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தால் இந்தத் தொல்லை இராது என்று அவன் நினைக்கிறான். அது நியாயமான ஆசை. இதைத் தாண்டிவிட்டு, கடைசியில் ஓடி விழுந்து சாகும் காட்சிக்குப் போனால் மாணவர்கள் காண்பது ஒரு முட்டாளை. முட்டாளிடமிருந்து யாரும் தன்னைப் பற்றி எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இதை வேறு விதமாக நடத்தலாம். பரந்த புல்வெளி நிலங்களை உடைய பஷ்கீர் மக்களிடம் பாஹோம் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எளிமையானது. ஆயிரம் ரூபிள் கொடுத்தால், ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் அவனுக்கு. சூரியன் மறைவதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் பணம் போயிற்று. வெயில் ஏறிய பிறகு, இனித் திரும்பலாம் என்று நினைக்கும் நேரத்தில், ஈரம் நிறைந்த ஒரு பள்ளம் கண்ணில் படுகிறது. ஆளி விதைத்தால் நன்றாக வருமே, இதை விட மனமில்லையே என்று நினைக்கிறான். வாசிப்பை அந்த வரியில் நிறுத்துங்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, 'இப்போது நீங்கள் திரும்புவீர்களா?' என்று கேளுங்கள். பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தையும் வளைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்வார்கள். சிறிது தூரம்தானே! அவன் எந்த அடியில் எல்லை மீறினான் என்று பிறகு தேடும்போது, சுட்டிக்காட்ட ஒரு குறிப்பிட்ட அடி அகப்படாது. ஒவ்வோர் அடியும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. இந்தக் கதையின் அறம் அங்கேதான் இருக்கிறது, பழமொழியால் அதைத் தொட முடியாது.

வாய்ப்பிருந்தால் இதோடு செகாவின் 'கூஸ்பெரிப் பழங்கள்' கதையையும் சேர்த்துக் கொடுங்கள். 1898இல் வந்தது. மனிதனுக்கு ஆறடி நிலம் போதும் என்கிறார்களே, ஆறடி தேவைப்படுவது பிணத்துக்கு, மனிதனுக்கு இந்த உலகம் முழுவதும் வேண்டும் என்று அதில் இவான் இவானிச் என்ற பாத்திரம் வாதாடுகிறது. கடைசியில் பாஹோமுக்குத் தேவைப்பட்டது அவனைப் புதைக்க ஆறடி நிலம்தான் என்று முடியும் டால்ஸ்டாய் கதையின் கடைசி வரிக்கு இது நேர் எதிர். இரண்டு பெரிய எழுத்தாளர்கள் ஒரே விஷயத்தில் இப்படி முட்டிக்கொள்வதைப் பார்க்கும் மாணவர், இலக்கியம் தீர்ப்பு வழங்கும் இடம் என்று நினைக்கமாட்டார்.

நாம் ஊட்டும் நீதி அப்படியே உள்ளே போகிறது என்பதும் சந்தேகத்துக்குரியதே. உளவியலாளர் தார்சியா நார்வாயெஸும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் நீதிக்கதைகளில் வைக்கப்பட்டிருந்த கருத்தைப் பெரியவர்கள் எதிர்பார்க்கும் விதத்தில் பிடித்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்கள் அனுபவத்துக்கு எட்டியதை எடுத்துக்கொண்டார்கள். வயதில் மூத்த மாணவர்களுக்கு நாம் எதிர்பார்க்கும் பதில் எதுவென்று தெரிந்துவிடுகிறது, ஆகவே அதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் புரிதல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுப்பது

சுவரில் ஒட்டவும் காலை வழிபாட்டில் வாசிக்கவும் தோதான வரிகளுக்கு உலக இலக்கியத்தில் பஞ்சமில்லை. இத்தனைக்குப் பிறகும் மனிதர்கள் உள்ளத்தில் நல்லவர்களே என்று நம்புவதாக, நாஜிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தன் நாட்குறிப்பில் எழுதிய வரி அவற்றில் முதன்மையானது. அது 1944 ஜூலை 15 அன்று எழுதப்பட்டது. அதே பத்தியில், உலகம் மெல்ல மெல்லப் பாழ்நிலமாக மாறுவதைக் காண்பதாகவும், தங்களையும் அழிக்கப்போகும் இடியோசை நெருங்கி வருவதைக் கேட்பதாகவும் அவள் எழுதுகிறாள். ஆகஸ்ட் 4 அன்று மறைவிடத்தில் இருந்த எல்லோரும் பிடிபட்டார்கள். 1945இன் தொடக்க மாதங்களில் பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்தாள், பதினைந்து வயதில்.

இவற்றை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் கற்பித்தால், ஒரு சிறுமியின் சாவை நமக்கு ஆறுதலாக மாற்றிக்கொண்டுவிடுகிறோம். முழுப் பத்தியையும் கொடுத்துவிட்டு, இடியோசையைக் கேட்டுக்கொண்டே ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாளே, இது நம்பிக்கையா, பிடிவாதமா, தனக்குத் தானே சொல்லிக்கொண்ட தைரியமா என்று கேட்டால் வகுப்பு தானாகவே மெதுவாகும். அந்த மெதுவுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்திலும் இதுவே நடக்கிறது. கடன் தீராததற்கு ஈடாக ஒருவனின் சதையைக் கேட்டு யூத வட்டிக்காரன் ஷைலாக் வழக்காடுகிறான், போர்ஷியா வழக்கறிஞர் வேடத்தில் வந்து அதை எதிர்க்கிறாள். கருணையைப் பற்றிய போர்ஷியாவின் பேச்சை மனப்பாடப் பகுதியாக வைத்து, அதையே பாடத்தின் கருத்தாகச் சொல்லிவிடுவார்கள். அதே நீதிமன்றக் காட்சி எப்படி முடிகிறது? ஷைலாக்கின் சொத்தைக் கூறுபோடுகிறார்கள், அவன் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறார்கள். கருணை பேசியவர்கள் ஒருவனுடைய மதத்தைப் பிடுங்குவதையும் கருணை என்கிறார்கள். அதற்கு முந்தைய அங்கத்தில், யூதனுக்குக் கண்கள் இல்லையா என்று கேட்கும் ஷைலாக்கின் பேச்சையும் மனித சமத்துவத்துக்கான முழக்கமாக வெட்டி எடுப்பது வழக்கம். அந்தப் பேச்சு பழிவாங்கலில் போய் முடிகிறது. நீங்கள் கற்றுக்கொடுத்த கொடுமையைத்தான் நான் செய்கிறேன் என்கிறான். பேச்சைத் தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் இடையே அவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பதை வரிவரியாகப் பின்தொடர்ந்தால் ஒரு பாடவேளை போதாது. ஆனால் அதைவிட நல்ல அறப்பாடம் அந்த நாடகத்தில் இல்லை.

நல்லவர், கெட்டவர் என்று பெயர் ஒட்டுவது

சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில் இந்தத் தவறு மிக எளிதாக நேர்கிறது. அண்ணனின் உடலை அடக்கம் செய்யக்கூடாது என்ற அரசன் கிரியோனின் ஆணையை மீறுகிறாள் ஆன்டிகனி. அவள் வீராங்கனை, கிரியோன் கொடுங்கோலன் என்று எழுதிப்போட்டால் வேலை முடிந்தது.

கிரியோனின் முதல் பேச்சை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முந்தைய நாள்தான் ஓய்ந்திருக்கிறது. அந்த அண்ணன் அந்நியப் படையோடு சொந்த நகரத்தைத் தாக்க வந்தவன். நகரத்தைக் காத்தவனையும் கொளுத்த வந்தவனையும் ஒன்றாக மதிக்க முடியாது என்கிறான் கிரியோன். பொறுப்பில் இருக்கும் எவரும் சொல்லக்கூடிய பேச்சு அது. அவன் எப்போது தவறத் தொடங்குகிறான் என்பதைத் தேடும் வேலையை மாணவர்களிடம் விடுங்கள். மகன் ஹேமோன் வந்து, வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம் பிழைக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்று மரியாதையோடு சொல்லும் இடத்தில் பலர் நிறுத்துவார்கள். நகரம் ஆள்பவனுக்குச் சொந்தம் என்று கிரியோன் வாய்விடும் இடத்தைச் சிலர் காட்டுவார்கள்.

ஆன்டிகனியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். தங்கை இஸ்மினி முதலில் பயந்து விலகுகிறாள், பிறகு வந்து பழியில் பங்கு கேட்கிறாள். ஆன்டிகனி அவளை உதறிவிடுகிறாள். அந்த உதறல் தங்கையைக் காப்பாற்றவா, கர்வமா? உறுதியாகச் சொல்ல நாடகம் இடம்கொடுக்கவில்லை. இஸ்மினியைக் கோழை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இஸ்மினிகள்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. இருவரும் அரசனை எதிர்த்த பெண்கள் என்று ஒப்பிட்டு அதோடு நின்றுவிடுவதும் ஒரு தவறுதான். கண்ணகி சட்டத்தை மீறவில்லை. அரசன் தன் சட்டத்தையே தவறாகச் செலுத்தியதை நிரூபிக்கிறாள். பாண்டியன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று உணர்ந்த கணத்தில் உயிர்விடுகிறான். கிரியோனுக்குப் புத்தி வரும்போது காலம் கடந்துவிடுகிறது, ஆனாலும் அவன் உயிரோடு இருக்கிறான், தன்னால் இறந்தவர்களோடு. ஒப்பீடு ஒற்றுமையில் தொடங்கட்டும். கற்பிக்க வேண்டியது இந்த வேற்றுமைகளை.

'ஏழைபடும் பாடு' என்று தமிழ் அறிந்த விக்தர் ஹ்யூகோவின் நாவலையும் நினைத்துக்கொள்ளலாம். திருடிய வெள்ளிப் பாத்திரங்களோடு பிடிபட்ட ழான் வல்ழானைக் காப்பாற்ற, அவற்றைத் தானே கொடுத்ததாகப் பாதிரியார் போலீஸ்காரர்களிடம் பொய் சொல்கிறார். அந்த நாவலின் மிக உயர்ந்த செயல் ஒரு பொய். மன்னிப்பைப் பற்றிப் பேச இதை எடுக்கும் ஆசிரியர்கள், அடுத்த வாரமே வாய்மையைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஒரு நாவலை ஒரு மக்கள் கூட்டத்தின் சான்றிதழாக்குவது

சினுவா அச்சிபியின் 'சிதைவுகள்' 1958இல் வெளிவந்தது. ஆப்பிரிக்க மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்ற அறிமுகத்தோடு அதைத் தொடங்குவது பெரிய தவறு. அது நைஜீரியாவின் இக்போ மக்களிடையே நடக்கும் கதை. அந்த மக்களுக்குள்ளேயே கதாநாயகன் ஒக்கொங்வோவைப் போல நினைக்காதவர்கள் இருக்கிறார்கள். ஒக்கொங்வோவின் வீட்டில் மகனைப் போல வளர்ந்த இக்கெமெஃபூனா என்ற சிறுவனைக் கொல்ல முடிவானபோது, அவன் உன்னை அப்பா என்று அழைக்கிறான், அவன் சாவில் உன் கை படவேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் எசெயுடு எச்சரிக்கிறார். நண்பன் ஒபியெரிக்கா போகாமலே இருந்துவிடுகிறான். ஒக்கொங்வோ போகிறான், தன்னைப் பலவீனன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் வெட்டவும் செய்கிறான். 'அவர்கள் வழக்கம் கொடூரமானது' என்று ஒரு மாணவர் சொன்னால், இந்த மூன்று பேரையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வழக்கத்துக்குள் நின்றபடியே மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பது தெரியவரும்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலேய மாவட்ட ஆணையர் தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறார். ஒக்கொங்வோவின் கதையை ஓர் அத்தியாயமாக எழுதலாம், வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போடுகிறார். ஒரு வாழ்க்கையை ஒரு பத்திக்குள் சுருக்கும் வேலையைத்தான் மையக்கருத்து எழுதச் சொல்லும்போது நாமும் கேட்கிறோம். இதை வகுப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லலாம்.

துன்பத்தை நடித்துப் பார்க்கச் சொல்வது

இனப்படுகொலையையோ அடிமைமுறையையோ பேசும் நூல்களைப் படிக்கும்போது, மாணவர்களில் பாதிப்பேரைக் கைதிகளாகவும் மீதிப்பேரைக் காவலர்களாகவும் பிரித்து நடிக்கவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இதைத் தவிர்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் தன் கற்பித்தல் வழிகாட்டுதல்களில் இப்படிப்பட்ட பயிற்சிகளை எச்சரிக்கிறது. நாற்பது நிமிட நடிப்பில் அந்தத் துன்பம் புரிந்துவிட்டதாக மாணவர் நினைத்துக்கொள்வார், அது பொய்யான அறிவு. வீட்டிலோ வெளியிலோ வன்முறையைச் சந்தித்த மாணவர் வகுப்பில் இருந்தால் அவருக்கு அது காயம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, படித்தால் மனம் பண்பட்டுவிடும் என்ற வாக்குறுதி. இலக்கியப் புனைவைப் படித்தவர்கள் பிறர் மனநிலையைக் கணிப்பதில் சற்று மேம்பட்டதாக 2013இல் ஓர் ஆய்வு வந்து பரவலாகப் பேசப்பட்டது. அதே சோதனையைத் திரும்பச் செய்து 2016இல் வெளியிட்டவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. நூல்களைக் கற்பிக்க இந்த வாக்குறுதி தேவையே இல்லை.

எல்லாக் கருத்தும் சரி என்று ஒதுங்குவது

தீர்ப்பு சொல்லக்கூடாது என்றதும் சில ஆசிரியர்கள் மறு ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். யார் என்ன சொன்னாலும் 'அதுவும் ஒரு பார்வை' என்று முடிப்பார்கள். அது மாணவர்களுக்கு மரியாதை செய்வதாகாது. ஷைலாக்கைப் பேசும்போது ஒருவர் யூதர்களே அப்படித்தான் என்று சொன்னால், ஆசிரியர் அதைத் தவறு என்று அங்கேயே சொல்ல வேண்டும். கருத்து வேறு, நூலில் சான்றில்லாத கூற்று வேறு, ஒரு மக்கள் கூட்டத்தை இழிவுபடுத்துவது வேறு. மூன்றையும் பிரித்துக் காட்டுவதும் அறக்கல்வியே. தான் என்ன நினைக்கிறார் என்று ஆசிரியரைக் கேட்டால் சொல்லலாம், ஆனால் கடைசியாக. முதலில் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வாய்திறப்பவர்கள் ஆமோதிப்பவர்கள் மட்டுமே.

மதிப்பெண் போடும் இடம்

வகுப்பில் எவ்வளவு திறந்த மனதோடு பேசினாலும், வினாத்தாளில் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாணவர்கள் வினாத்தாளைப் பார்த்துத்தான் நாம் எதை உண்மையில் மதிக்கிறோம் என்று கண்டுகொள்கிறார்கள்.

மாப்பசானின் 'நெக்லஸ்' கதைக்கு, வீண் பகட்டு கூடாது என்ற பதிலை வரவழைக்கும் கேள்வியை விட்டுவிட்டு வேறு விதமாகக் கேட்கலாம். தோழியிடம் இரவல் வாங்கிய நெக்லஸை மத்தில்த் லுவாசெல் தொலைத்துவிடுகிறாள். முப்பத்தாறாயிரம் ஃபிராங்கு கொடுத்து வேறு நெக்லஸ் வாங்கித் திருப்பிக்கொடுத்து, பத்து ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைக்கிறார்கள் லுவாசெல் தம்பதியர். தொலைந்தது அதிகம் போனால் ஐந்நூறு ஃபிராங்கு பெறுமானமுள்ள போலி என்று கடைசியில்தான் தெரிகிறது. 'மத்தில்த் தொலைத்ததை உடனே சொல்லாததற்கும், அவள் தோழி அது போலி என்பதை முன்பே சொல்லாததற்கும் வேறுபாடு உண்டா? கதையிலிருந்து இரண்டு இடங்களைக் காட்டி எழுதுக. உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் ஓர் இடத்தையும் குறிப்பிடுக.' மதிப்பெண்ணை எடுத்த நிலைக்குப் போடாமல், காட்டிய இடங்களுக்கும் அவற்றைப் படித்த விதத்துக்கும் போடுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் வினாவிலிருந்து நீக்கிவிட வேண்டாம். தன் கருத்தை உறுத்தும் வரியைத் தானே தேடிப் போய் எழுதுவது பதினைந்து வயதில் கடினம், பெரும்பாலான மாணவர்கள் முதல் தடவை அதை வெற்றிடமாக விட்டுவிடுவார்கள். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல், தாளைத் திருப்பிக்கொடுத்து அந்த ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதச் சொல்லுங்கள்.