சிறைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி? முதல் தடவை முயல்பவர்களுக்கு

சீருடைப் பணியாளர் தேர்வு விண்ணப்பத்தில் ஒரு இடம் வரும். காவல் துறை, சிறைத் துறை, தீயணைப்புத் துறை மூன்றில் உங்களுக்கு எது முதல் விருப்பம், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று கேட்கும். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் ஓட வரும் பையன்களுக்கு இந்த விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பது நான்தான். அந்த இடம் வந்ததும் யோசிக்காமல் ஒரே பதில் சொல்வார்கள். "போலீஸ், ஃபயர், கடைசியா ஜெயில் போட்டுருங்கண்ணே." ஏன் கடைசி என்று கேட்டால் பதில் இருக்காது.

என் சித்தப்பா மகன் ஒரு மத்திய சிறையில் வார்டர், அதாவது சிறைக் காவலர். அவனும் கடைசி விருப்பமாகப் போட்டுத்தான் உள்ளே போனான். அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படிவம் நிரப்பிப் பழகியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பதவியின் பெயர் இரண்டாம் நிலை சிறைக் காவலர். துறையின் பெயர் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. நம் அரசமைப்பில் சிறை என்பது மாநிலப் பட்டியலில் வருகிறது, அதனால் ஆளெடுப்பதும் மாநில அரசுதான். தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்.

புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என்று மாநிலத்தில் ஒன்பது மத்திய சிறைகள். இவை போகப் பெண்களுக்கான தனிச் சிறைகள், கிளைச் சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் இருக்கின்றன. இவற்றில் எங்கே வேண்டுமானாலும் பணி அமையலாம்.

சினிமாவில் காட்டுவதுபோல லத்தி சுழற்றும் வேலை இல்லை. பெரும்பாலும் எண்ணுகிற வேலை. காலையில் செல்லைத் திறக்கும்போது ஒரு கணக்கு, சாயங்காலம் லாக்கப் செய்யும்போது ஒரு கணக்கு. நடுவில் நீதிமன்றம் போனவர், ஆஸ்பத்திரி போனவர், ஜாமீனில் வெளியே போனவர், புதிதாக உள்ளே வந்தவர் எல்லாரையும் கூட்டிக் கழித்து எண் சரியாக நிற்க வேண்டும். என் தம்பி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் ஒரு ஆள் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் குறைந்தது. கடைசியில் பார்த்தால், ஆள் சிறை மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கிறார், அந்தச் சீட்டு இவன் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரத்தில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது என்பான்.

இன்னொன்று, கைதிகளை வேனில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவது வார்டர் இல்லை, ஆயுதப்படைப் போலீஸ். "ஜெயில் வேண்டாம், போலீஸ்தான் வேண்டும்" என்று எழுதிவிட்டு ஆயுதப்படைக்குப் போகும் பையன், கொஞ்ச நாளில் அதே சிறை வாசலில் கைதியை வாங்கிக்கொண்டு நிற்பான். வார்டருக்கு ஊர்வலப் பந்தோபஸ்து, தேர்தல் பந்தோபஸ்து என்று ஊர் ஊராக அலைச்சல் குறைவு. ஆனால் இரவு பாரா உண்டு, பண்டிகை நாளிலும் வேலை உண்டு, வேலை நேரம் முழுக்கச் சுவருக்கு உள்ளே இருக்க வேண்டும். செல்போனைப் பிரிய முடியாதவர்கள் இந்த இடத்திலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பள விகிதம் மூன்று துறைக்கும் ஒன்றுதான்: ரூ.18,200 முதல் 67,100 வரை. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி.

இடங்கள்தான் குறைவு. 2023 அறிவிக்கையில் மொத்தம் 3,359 இடங்கள், அதில் சிறைக் காவலர் 86. 2025-ல் மொத்தம் 3,644, அதில் சிறைக்கு 180. இதைப் பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம். தேர்வு ஒன்றுதான், மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே தடவை எழுதுகிறீர்கள்.

தகுதி இருக்கிறதா?

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டிகிரி முடித்தவர்களும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். பத்தாவதில் தமிழ் ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும்.

வயதை அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். பொதுப் பிரிவுக்கு 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 28 வரை. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், திருநங்கைகளுக்கு 31 வரை. ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வரை, முன்னாள் ராணுவத்தினருக்கு 47 வரை.

உயரம்: ஆண்களுக்கு 170 செ.மீ., ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினராக இருந்தால் 167. பெண்களுக்கு 159, அதே பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவும் பார்ப்பார்கள். சாதாரணமாக 81 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

உயரத்தை இன்றைக்கே அளந்துவிடுங்கள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு "170 இருக்கேண்ணே" என்று வந்த ஒரு பையனை அரசு மருத்துவமனை ஸ்டாண்டில் நிற்க வைத்தோம், 169.2 காட்டியது. வீட்டில் முடியையும் சேர்த்து அளந்திருக்கிறான். எல்லாருக்குமே காலையில் எழுந்தவுடன் உயரம் கொஞ்சம் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருக்கும். அதனால் சாயங்காலம், வெறுங்காலோடு அளந்து பாருங்கள். அதிலும் தேறினால் நிம்மதியாகப் படிக்கலாம்.

சான்றிதழ்கள்: பாதிப் பேர் விழுகிற பள்ளம்

அறிவிக்கை வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் நேரம் பற்றாது. 2025-ல் ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 21 வரை, ஒரே மாதம்தான் விண்ணப்பிக்க நேரம் கொடுத்தார்கள். இப்போதே ஒரு ஃபைல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் உங்கள் பெயர், உங்கள் பிறந்த தேதி. ஆதாரில் இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கவனிக்க: அப்பா பெயரில் உள்ள சான்றிதழ்தான் செல்லும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. போன தடவை ஒரு தங்கச்சி கணவர் பெயரில் வாங்கிய சான்றிதழைக் கொண்டுவந்தாள். நல்ல வேளையாகக் கடைசித் தேதிக்கு முன்னால் பார்த்தோம்.

ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. தலைமை ஆசிரியரிடம் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும். ஐந்தாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி என்றால் இரண்டு பள்ளிக்கும் போய்த்தான் ஆக வேண்டும். மே மாதம் போனால் பள்ளி பூட்டிக் கிடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 6. பெட்டியின் அடியில் கிடந்தாலும் தேடி எடுங்கள்.

விண்ணப்பம்

வாரியத்தின் இணையதளத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். உங்கள் சொந்த செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்ய விடாதீர்கள். ஹால் டிக்கெட் வரும் நாளில் அவர் கடை திறந்திருக்காது.

புகைப்படம், கையெழுத்து, சான்றிதழ்களை அறிவிக்கையில் சொல்லியிருக்கும் கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். கட்டணம் 250 ரூபாய். ஒதுக்கீடு கேட்கும் கேள்விகளில் "ஆம்" போடும் முன் அதற்கான தாள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிரப்பி முடித்ததும் அனுப்பும் பொத்தானை அமுக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படியுங்கள். அப்புறம் அனுப்புங்கள். அனுப்பிய விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்திலும் மாநகரக் கமிஷனர் அலுவலகத்திலும் உதவி மையம் வைத்திருப்பார்கள், தயங்காமல் போய்க் கேட்கலாம்.

துறை விருப்பம் கேட்கும் இடத்தில் மேலே சொன்னதை நினைத்துக்கொண்டு நீங்களே வரிசை போடுங்கள். நண்பன் போட்டதைப் பார்த்துப் போடாதீர்கள்.

எழுத்துத் தேர்வு

இரண்டு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 80 நிமிடம். முதல் பகுதி தமிழ்த் தகுதித் தேர்வு, 80 கேள்விக்கு 80 மதிப்பெண். இதில் 32 எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள், ஆனால் இந்த மதிப்பெண் ரேங்குக்குச் சேராது. இரண்டாம் பகுதி 70 மதிப்பெண்: பொது அறிவு 45, உளவியல் 25. இங்கே குறைந்தது 25 எடுக்க வேண்டும். தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஒரு வட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள்.

உளவியல் என்றதும் பயப்படாதீர்கள். எண் தொடர், ரத்த உறவு, திசை, அட்டவணை பார்த்துப் பதில் சொல்வது மாதிரியான கணக்குகள்தான் அதிகம். தினம் அரை மணி நேரம் போட்டுப் பழகினால் வந்துவிடும். பொது அறிவுக்கு ஆறாவது முதல் பத்தாவது வரை சமச்சீர்ப் புத்தகங்களைப் படியுங்கள். தடித்த கைடு வாங்கிக் கொடுத்த காசு பல வீடுகளில் அலமாரியில் தூங்குகிறது.

கிரவுண்டு

எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் ஒரு இடத்துக்கு ஐந்து பேர் கணக்கில் உடல் தகுதிக்குக் கூப்பிடுவார்கள். உயரம், மார்பு அளந்ததும் ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது, தவறினால் வீட்டுக்கு.

இதைத் தாண்டினால் 24 மதிப்பெண்ணுக்கு உடல்திறன் போட்டி. ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று அளவு வைத்திருக்கிறார்கள். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் டபுள் ஸ்டார்.

பையன்கள் அதிகம் கோட்டை விடுவது கயிற்றில்தான். கை பலம் போதும் என்று நினைத்து ஜிம்முக்குப் போகிறார்கள். ஏறுவதில் பாதி வேலை காலுக்கு. வலது பாதத்தின் மேலே கயிறு வரட்டும், இடது பாதத்தால் அதை அமுக்கிப் பூட்டுங்கள். முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கி, பூட்டி, எழுந்து நின்று, அப்புறம் கையை மேலே மாற்றுங்கள். முதல் வாரம் உள்ளங்கை உரியும், பாதத்தின் மேல்தோல் எரியும். அந்த வாரத்தில் வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். இறங்கும்போது சறுக்காதீர்கள், ஏறின மாதிரியே கை மாற்றி இறங்குங்கள்.

ஓட்டத்துக்கு எழுத்துத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பம் போட்ட மறுநாளே தொடங்குங்கள்.

கடைசியில் மருத்துவமும் விசாரணையும்

மருத்துவப் பரிசோதனையில் பார்வை, நிறம் பிரித்தறிவது, நிற்கும்போது முட்டி இடிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுபவர்கள் முன்னதாகவே கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தை விசாரணை வரும். கோவில் திருவிழாத் தகராறு, பைக்கில் மூன்று பேர் போனபோது வாக்குவாதம் என்று எதிலாவது உங்கள் பெயர் எஃப்ஐஆரில் ஏறியிருந்தால் அதைப் படிவத்தில் மறைக்காதீர்கள். வழக்கு முடிந்துவிட்டதே என்றும் இருந்துவிட வேண்டாம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே இந்தத் தேர்வில் கருதுகிறார்கள். தீர்ப்பு நகலில் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

இந்தத் தேர்வில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு ஒரு ஆள் கட்டாயம் வருவார். அவரிடம் கொடுக்கும் காசுக்கு நல்ல ஷூ வாங்குங்கள்.

எங்கள் மைதானத்தில் போன தடவை ஒருவன் மட்டும் ஜெயிலை முதல் விருப்பமாகப் போட்டான். வீட்டில் அம்மாவிடம் "போலீசுக்குப் போட்டிருக்கேன்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறானாம்.