பூஜ்ஜிய வட்டிக் கடனை வைத்து வட்டி எடுக்க நினைக்கும் புதியவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டு கடந்து கிரெடிட் ஸ்கோர் சற்றே உயர்ந்ததும், வேறு கிரெடிட் கார்டில் உள்ள பாக்கியை எங்களிடம் மாற்றினால் 15 மாதங்களுக்கு வட்டியே கிடையாது என்று வங்கிகளிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கும். அந்தப் பணத்தை வாங்கிச் சேவிங்ஸ் கணக்கில் போட்டு, வட்டியை எடுத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் அசலைக் கட்டிவிடலாம் என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் காதில் போடுவார். இதில் சட்டப்படி தவறு ஏதும் இல்லை. கணக்குத்தான் பலருக்குப் பிசகிப்போகிறது.

செய்முறை எளிது. வங்கி அனுப்பும் காசோலையை உங்கள் பெயருக்கே எழுதியோ, நேரடியாகக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லியோ பணத்தை எடுக்கலாம். அது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபராக (பாக்கி மாற்றமாக) பதிவாகுமா, கேஷ் அட்வான்ஸாக (கார்டில் ரொக்கம் எடுப்பதாக) பதிவாகுமா என்பதை முதலிலேயே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கிடையே பாக்கியை மாற்ற விடமாட்டார்கள். ஆட்டோபே போடும்போது, ஊரில் பழகியபடி முழுத் தொகையையும் தேர்ந்தெடுத்துவிட்டால் கடன் முழுவதும் அடுத்த மாதமே கழிந்துவிடும் என்பதால், மினிமம் தொகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10,000 டாலருக்கு 3 சதவீத மாற்றுக் கட்டணம் 300 டாலர். ஆண்டுக்கு 4 சதவீதம் தரும் கணக்கில் 15 மாதங்களுக்கு 500 டாலர் வர வேண்டும். ஆனால் மாதந்தோறும் மினிமம் கட்டுவதற்காக அசலில் 1 சதவீதம் எடுத்துக்கொண்டே இருப்பதால், கைக்கு வருவது 465 டாலர் அளவுதான். அந்த வட்டிக்கு, 22 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவர் மத்திய வரியாகவே 100 டாலருக்குச் சற்று மேல் கட்ட வேண்டும். கொடுத்த கட்டணத்தைப் பெரும்பாலோரால் வரியில் கழிக்கவும் முடியாது. மிஞ்சுவது 60 டாலர் சொச்சம். கட்டணம் 5 சதவீதமானால் நட்டம்தான். 2006, 2007ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி விகிதம் 5.25 சதவீதமாக இருந்ததோடு, கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்த கார்டுகளும் கிடைத்தன. அக்காலத்தில் வந்தவர்கள் சொல்லும் லாபக் கதைகள் பொய்யல்ல, ஆனால் அவை அந்தக் காலத்துக் கதைகள்.

என் நண்பர் சிக்கிக்கொண்டது இந்தக் கணக்கில் அல்ல. ஊரிலும் இங்கும் கார்டுக்கு ஒரு பைசா வட்டி கட்டியதில்லை என்பது அவருடைய பெருமை. பாக்கியை மாற்றிய அதே கார்டில் மளிகை, பெட்ரோல் என்று மாதம் 1,500 டாலர் வரை செலவழித்தார். அந்தச் செலவை ஒவ்வொரு மாதமும் கெடுவுக்குள் மினிமத்தோடு சேர்த்துக் கட்டியும் வந்தார். ஆனாலும் ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் 30 டாலருக்குக் குறையாமல் வட்டி ஏறியது. வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா அவகாசம் கிடைக்க வேண்டுமானால், முந்தைய ஸ்டேட்மென்டின் முழு பாக்கியையும், மாற்றிய 10,000 டாலர் உட்பட, கட்டியிருக்க வேண்டும் என்பது அந்தக் கார்டின் விதி. அப்படிக் கட்டாதவர் வாங்கும் காய்கறிக்கும் வாங்கிய நாளிலிருந்தே 24 சதவீதம் வட்டி. 2009ஆம் ஆண்டு அமெரிக்கக் கிரெடிட் கார்டுச் சட்டத்தின்படி, மினிமத்துக்கு மேல் கட்டுவது அதிக வட்டியுள்ள பாக்கிக்குத்தான் முதலில் போகும். அவர் கட்டியதும் அப்படித்தான் போனது. ஆனால் அதுவரை ஓடிய வட்டியை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. இரண்டே மாதங்களில் அந்த 60 டாலர் லாபம் கரைந்தது. கேட்டபோது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே என்று வங்கியில் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார்கள். இதை விளம்பரத்தில் தெளிவாகச் சொல்லாமல் மறைப்பதைப் பற்றி, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2014 செப்டம்பரிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஆகவே, மாற்றிய கார்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அன்றாடச் செலவுக்கு வேறு கார்டைப் பயன்படுத்துங்கள். ஸ்டேட்மென்டின் கடைசியில் பர்ச்சேஸ், பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், கேஷ் அட்வான்ஸ் ஆகியவற்றுக்கு வட்டி விகிதத்தையும் ஏறிய வட்டித் தொகையையும் தனித்தனியாகக் காட்டும் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். பர்ச்சேஸ் வரிசையில் ஏதாவது வட்டித் தொகை தெரிந்தால் அன்றே விசாரியுங்கள். இதைவிட நல்ல வழி, வாங்கும் பொருளுக்கே பூஜ்ஜிய வட்டி தரும் கார்டைப் பிடித்து, வழக்கமான செலவை அதில் செய்து, சம்பளப் பணத்தைச் சேவிங்ஸில் தங்க விடுவது. அதற்கு மாற்றுக் கட்டணமே இல்லை. வீட்டுக் கடனோ கார் கடனோ வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டுமே வேண்டாம், ஏனெனில் கார்டின் வரம்பில் பெரும்பகுதி நிரம்பியிருந்தால் ஸ்கோர் இறங்கும்.

இன்னொரு ஆசையும் நம்மவர்களுக்கு வரும்: இந்த டாலரை ஊருக்கு அனுப்பி என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான ரூபாய்) டெபாசிட்டில் போட்டால் கூடுதல் வட்டி கிடைக்குமே என்று. ஓராண்டுக்கு முன் எடுத்தால் அதற்கு வட்டி கிடையாது. இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் அமெரிக்காவில் உண்டு. திருப்பும்போது ரூபாய் மதிப்பு சரிந்திருந்தால் வட்டியோடு அசலிலும் கை வைக்க நேரும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்களில் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருப்பதால், கடனாக வந்த பணம் கேட்ட மறுநாளே கைக்கு வரும் கணக்கில்தான் இருக்க வேண்டும்.