காற்றில் கலந்த பூச்சிக்கொல்லி: சிதைவைக் கணிக்கும்போது செய்யும் தவறுகள்

தெளித்த மருந்தில் ஒரு பகுதி இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. அதை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சுமார் 290 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள சூரிய ஒளி தரைக்கு வந்து சேர்வதே இல்லை. வந்து சேரும் ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுதான் நேரடியாக உடையும். டிரைஃப்ளூரலின் என்ற களைக்கொல்லி அப்படிப்பட்டது, நல்ல வெயிலில் வேகமாகச் சிதைந்துவிடும். பல மருந்துகளுக்கு அந்தத் தன்மை கிடையாது. அவற்றை முக்கியமாகத் தாக்குவது ஹைட்ராக்ஸில் ராடிகல், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எளிதில் வினைபுரியும் துகள். புற ஊதா ஒளி ஓசோனை உடைக்கும்போது வெளிவரும் ஆக்சிஜன் அணு நீராவியோடு வினைபுரிவதால் உண்டாகும் இது, ஒரு நொடிகூட நிலைக்காது. பொழுது சாய்ந்தால் இதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பகல் வேகத்தை 24 மணி நேரத்துக்கும் போட்டுக் கணக்கிடக் கூடாது.

சரி, சிதைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நஞ்சும் போய்விட்டதா? என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் தவறு இதுதான். பாரத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளில் பாஸ்பரஸோடு ஒரு கந்தக அணு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ராடிகல் தாக்கும்போது அந்தக் கந்தகத்தின் இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்காரலாம். அப்படிப் பிறப்பதே ஆக்ஸான்: பாரத்தியானிலிருந்து பாராக்ஸான், குளோர்பைரிபாஸிலிருந்து அதன் ஆக்ஸான். நரம்புகளுக்குத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை மூல மருந்தைவிடப் பல மடங்கு வலுவாக முடக்குவது இந்த ஆக்ஸான்தான். உடலுக்குள் போனபிறகு கல்லீரலில் நடக்கும் மாற்றம், மூச்சில் ஏறும் முன்பே காற்றில் நடந்துவிடுகிறது. மூல மருந்தை மட்டும் அளந்துவிட்டு 'குறைந்துவிட்டது' என்று எழுதும் அறிக்கை ஆபத்தைப் பாதிதான் பார்க்கிறது.

அப்புறம் அரைவாழ்வு, அதாவது ஒரு பொருளின் அளவு சிதைந்து பாதியாக எடுக்கும் நேரம். நெடுந்தூரம் பரவும் பொருளா என்று பார்க்க, எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று, காற்றில் 2 நாளுக்கு மேற்பட்ட அரைவாழ்வு. குளோர்பைரிபாஸுக்குக் கணினி மாதிரிகள் தரும் விடை சில மணி நேரம்தான். ஆனால் அது ஆர்க்டிக் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. 2025இல் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அந்த மாதிரிகள் வாயு நிலையில் தனியாக மிதக்கும் மூலக்கூறுக்கானவை. தூசியிலும் புகைத்துகளிலும் ஒட்டிக்கொண்ட மருந்தை ராடிகல் அவ்வளவு எளிதில் எட்டாது. குளிர்ந்த காற்றில் ஒட்டும் பங்கும் கூடும். வாயு நிலைக்கான எண்ணை அப்படியே எடுத்து 'தூரம் போகாது' என்று முடிவுகட்டுவது தவறு.

அளவு குறைந்தாலே சிதைவு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் பரவி நீர்த்துப்போனாலும் குறையும், மழை கழுவித் தரையில் சேர்த்தாலும் குறையும். இந்த இரண்டிலும் மருந்து இடம் மாறியிருக்கிறதே தவிர உடையவில்லை, தரையில் சேர்ந்தது சூடானதும் மறுபடி ஆவியாகலாம். உண்மையில் சிதைந்ததா என்று அறிய, சிதைவில் பிறக்கும் பொருளையும் மூல மருந்தையும் சேகரித்த ஒரே காற்று மாதிரியில் சேர்த்து அளக்க வேண்டும்.