ஒரே ஸ்ப்ரே டின், மூன்று பரப்பு: பெயிண்ட் தடயத்தை ஒப்பிடப் பழகுவோம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ குவீன் தெருப் பக்கம் நடந்தால் சுண்ணாம்பு பூசிய பழைய கடைவீட்டுச் சுவரும் இரும்பு ஷட்டரும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே சிவப்பு டின்னால் இரண்டிலும் அடித்தாலும் நிறம் ஒன்றாகத் தெரியாது. தடயவியல் பழகுபவர் முதலில் இதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

1. அடித்துப் பாருங்கள். உடைந்த சுண்ணாம்புப் பூச்சு ஒன்று, தகரத் துண்டு, வெள்ளைப் பருத்தித் துணி போதும். டின்னை நன்றாகக் குலுக்குங்கள். நிறம் தரும் தூளான நிறமி அடியில் தங்கியிருந்தால் ஒப்பீடே கெட்டுவிடும். வெட்டவெளியில், முகக்கவசத்தோடு, ஒரு சாண் தூரத்திலிருந்து அடியுங்கள். துணியை மட்டும் இரண்டு முழம் தள்ளிப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். ஒரு நாள் காயட்டும்.

2. லென்ஸில் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். தகரத்தில் வழவழப்பான படலம். சுவரில் பெயிண்ட் உள்ளே இறங்கி வெளிறியிருக்கும். துணியில் கறையைத் தேடாதீர்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நூலின் முனைகளில் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். பறந்து வரும்போதே காய்ந்த துளிகள் அவை. சந்தேக நபரின் சட்டைக் கையில் தேடுவதும் இதைத்தான்.

3. மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் புது பிளேடு. தகரத்தில் அடிவரை வெட்டி எடுங்கள். பழைய அடுக்குகளும் சேர்ந்து வரட்டும். துணியைச் சுரண்டாமல் அப்படியே காகிதத்தில் மடியுங்கள். சுவரில் எப்படிச் சுரண்டினாலும் சுண்ணாம்பு கலந்துதான் வரும். அதனால் பெயிண்ட் படாத பக்கத்துச் சுவரிலும் கொஞ்சம் எடுத்துத் தனிக் காகிதத்தில் வையுங்கள். தயவுசெய்து இதை மறக்காதீர்கள். அகச்சிவப்புச் சோதனை, ஒரு பொருள் அகச்சிவப்பு ஒளியை எந்தெந்த இடத்தில் உறிஞ்சுகிறது என்று வரைபடமாகக் காட்டும். அதில் சுண்ணாம்புப் பூச்சிலுள்ள கால்சியம் கார்பனேட் 1,420 செ.மீ⁻¹ (அலை எண்) அருகே அகலமான மேடாக எழுந்து, பெயிண்டின் அடையாளங்களில் சிலவற்றை மூடிவிடும். வெற்றுச் சுவர் மாதிரி கையில் இருந்தால்தான் எது சுவர், எது பெயிண்ட் என்று பிரிக்க முடியும். ஆல்கிட் (எண்ணெய் கலந்த ஒருவகைப் பிசின்) பெயிண்ட் என்றால், அந்தப் பிசினிலுள்ள எஸ்டர் பிணைப்பால் 1,730 செ.மீ⁻¹ அருகே எழும் முகடு மட்டும் மறையாமல் தப்பிவிடும். அதை முதலில் பாருங்கள்.

4. ஆய்வகத்தில். பெயிண்டைப் பிடித்துவைக்கும் பிசினுக்கு அகச்சிவப்பு. நிறமிக்கு, நம் சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவை, அதாவது பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறுவதை, வைத்துச் செய்யும் ராமன் சோதனை.

சரி, நிஜ வழக்கொன்றில் சுவரின் பெயிண்டும் சந்தேக நபரின் டின்னில் உள்ளதும் எல்லாவற்றிலும் பொருந்திவிட்டன. அப்போதும் "இதே டின்தான்" என்று எழுதாதீர்கள். தொழிற்சாலையில் ஒரே கலவையிலிருந்து எத்தனையோ டின்கள் நிரம்புகின்றன. "வேறுபாடு காணப்படவில்லை" என்பதோடு பேனாவை வைத்துவிடுங்கள்.