போர் தண்ணீரில் கழுவியும் காரில் வெள்ளைப் புள்ளி இல்லை

எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கழுவிக் காய்ந்ததும் பானெட்டெல்லாம் வெள்ளைப் புள்ளி. தண்ணீர் ஆவியானாலும் அதில் கரைந்த கால்சியமும் மெக்னீசியமும் பெயின்ட் மேலேயே தங்கிவிடுகின்றன, ஷாம்பூவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. இப்போது வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழுவி, சோப்பு காய்வதற்குள் அலசிவிடுகிறேன். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு வாளி (ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதில்தான் உப்பு இன்னும் கூடுதல்). அப்புறம் தானாகக் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் சரி. பக்கக் கண்ணாடி இடுக்கில் தங்கிய தண்ணீர் பிறகு வழியும், அதையும் ஒற்றி எடுங்கள். புதுப் புள்ளிகள் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து உடனே அலசியதில் போய்விட்டன. பெயின்டை அரித்துவிட்ட பழைய புள்ளிக்குப் பாலிஷ்தான்.