கோழிக் கூளம் எருவாகும் வரை

பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம், தோட்டமும் கோழியும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். விதையும் நாற்றும் கைமாறும். புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது ஒன்று: "கோழி எச்சத்தை நேராவே செடிக்குப் போடலாமா?"

போடாதீர்கள். நான் போட்டேன், சில நாளிலேயே தக்காளி இலைகளின் ஓரம் கருகிவிட்டது. பச்சை எச்சத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக அதிகம். அது அம்மோனியாவாக மாறும்போது வேரைச் சுட்டுவிடும். மட்க வைத்துப் போட்டால் அதுவே அருமையான எரு.

முதலில் கூண்டு. தரையில் உமியோ கடலைத் தொலியோ 4 அங்குலம் பரப்புங்கள். ஆழ்கூளம் என்பது இதுதான். வாரம் இரண்டு முறை கிளற வேண்டும். ஒரு பிடி கேழ்வரகைத் தூவினால் கோழிகளே பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். குனியும்போது கண் எரிந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்று போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து குவியல். கூண்டிலிருந்து அள்ளிய, எச்சம் கலந்த கூளம் ஒரு பங்குக்கு காய்ந்த சருகு இரண்டு பங்கு, அடுக்கடுக்காக, குறைந்தது 3 அடி உயரத்துக்கு. அதற்குக் குறைந்தால் சூடு நிற்காது. தண்ணீர் தெளித்துக்கொண்டே அடுக்குங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. மழைக்காலத்தில் மேலே தார்ப்பாய் போட்டுவிடுங்கள்.

சில நாளில் கடப்பாரையைக் குவியலுக்குள் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் அந்தச் சூட்டில்தான் சாகின்றன. சூடே இல்லையென்றால் கொஞ்சம் பச்சைக் கூளமும் தண்ணீரும் சேருங்கள். வாரம் ஒருமுறை, வெளியே இருப்பது உள்ளே போகும்படி புரட்டிப் போடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். சூடு அடங்கி, கறுத்து, மழை பெய்த மண் போல மணந்தால் தயார். கத்தரி, மிளகாய்க்குச் செடிக்கு இரண்டு கைப்பிடி, தண்டைத் தொடாமல் சுற்றிப் போட்டு மண்ணோடு கிளறிவிடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, முள்ளங்கிக்கு விதைக்கும் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள், வளரும் பயிர்மேல் தூவ வேண்டாம்.

அப்புறம், அடுத்தவர் வீட்டிலிருந்து எரு வாங்கினால் மட்கியதை மட்டும் வாங்குங்கள். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் பச்சை எச்சத்திலும் செருப்பிலும்கூட ஒட்டிக்கொண்டு வரும். அங்கே போட்ட செருப்போடு உங்கள் கூண்டுக்குள் போகாதீர்கள்.